ஊட்டி மிஸ்ட்டில் சோலார் தேறுமா? 28 அறை லாட்ஜும் 30 கிலோவாட் கொட்டேஷனும்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: ஊட்டி ஃபர்ன்ஹில் பக்கம் 28 அறை லாட்ஜ், பாதி ஆர்.சி.சி. மொட்டை மாடி, பாதி தகரக் கூரை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. கோவையிலிருந்து வந்த கம்பெனி 30 கிலோவாட், 16.5 லட்சம், மூன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. பக்கத்து லாட்ஜ்காரரோ "ஊட்டியில வெயிலே கிடையாது, இதுல சோலாரா" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். என் பதில், இருவருமே தவறு. உங்கள் கேள்விக்கு உள்ளே இருக்கும் கேள்வி வேறு: மலையில் வெயில் வரும் நேரமும் உங்கள் லாட்ஜ் கரண்ட் இழுக்கும் நேரமும் ஒன்றா? அதற்கு விடை தெரிந்தால் 30 கிலோவாட் வேண்டுமா, 15 போதுமா என்பது தானே தெரிந்துவிடும்.

நான் குன்னூர்க்காரன். கோவையில் எலெக்ட்ரிகல் கான்ட்ராக்ட் வேலையில் தொடங்கி, பிறகு ஊருக்கே திரும்பி, பத்துப் பன்னிரண்டு வருடமாக நீலகிரியிலும் இடையிடையே கொடைக்கானலிலும் லாட்ஜ், பேக்கரி, தேயிலை ஃபேக்டரி, பள்ளிக்கூடம் என்று கூரைக்குக் கூரை ஏறி இறங்குகிறேன். உங்களுக்கு விற்க என்னிடம் ஒன்றுமில்லை. உங்கள் கூரையை நான் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பக்கத்து லாட்ஜ்காரரின் சிரிப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சூடு அதற்கு எதிரி. பேனலில் அச்சடித்திருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது வருவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இப்போதைய பேனல்களில் சுமார் 0.3 முதல் 0.35 சதவீதம் குறையும். கோவையில் ஏப்ரல் மதியம் தகரக் கூரைமேல் இருக்கும் பேனல் 65 டிகிரியைத் தொடும். 40 டிகிரி அதிகம், ஆக 12 முதல் 14 சதவீதம் அப்படியே ஆவியாகிறது. அதே நேரம் ஊட்டியில் பேனல் 40, 45 டிகிரியில் நிற்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று மண்டலத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதியும், தூசியில் பெரும்பங்கும் நமக்குக் கீழே கிடக்கிறது. வானம் தெளிந்த நாளில் இங்கே விழும் வெயில் சமவெளியைவிடக் கூர்மையானது. மார்ச் மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே முகம் கருத்துப்போகும் டூரிஸ்ட்டுகளைப் பார்த்தாலே தெரியும். சென்னையிலிருந்த வானாய்வுக்கூடத்தின் சூரிய ஆராய்ச்சியை 1899இல் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனதும் இந்தக் காரணத்துக்காகத்தான். 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்தது அந்த மலைமேல் இருந்துதான். சூரியனைப் படம் பிடிப்பவர்கள் அங்கே காலை நேரத்தைத்தான் நம்புவார்கள். நமக்கும் அதே கதை.

ஏனென்றால் மலையின் வெயில் காலை வெயில். ஊட்டியில் இருப்பவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடிந்ததும் பளிச்சென்று இருக்கும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று ஏறி வரும். ஒன்றரை, இரண்டு மணிக்கு எதிர்மலை காணாமல் போகும். வருடம் முழுக்க இப்படியில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நாள் முழுக்கத் தெளிவாக நிற்கும். தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும் நாட்களில்தான் இன்வெர்ட்டரில், அதாவது பேனல் கரண்டை லைன் கரண்டாக மாற்றும் மெஷினில், நல்ல எண்கள் வரும். ஏப்ரல், மேயில் காலை நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் கோடை மழை. ஜூன் கடைசி தொடங்கி ஆகஸ்ட் வரை ஊட்டி மேற்குப் பக்கம், அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர் எல்லாம் சாரலில் மூழ்கிக் கிடக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தின் முறை. கொடைக்கானலுக்கும் அதுதான் பெருமழை. கெட்டியான மூட்டத்திலும் பேனல் பூஜ்யத்துக்குப் போகாது. அச்சடித்த வாட்டில் 10 முதல் 25 சதவீதம் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். "மிஸ்ட் வந்தா கரண்ட் வராது" என்பது தவறு; "மிஸ்ட் வந்தா கம்மியா வரும்" என்பதே சரி.

இப்போது கோவைக் கம்பெனியின் கணக்கு. 16.5 லட்சத்தை மூன்றரை வருடத்தில் எடுப்பதென்றால், அவர்கள் ஒரு கிலோவாட்டுக்குத் தினம் நாலரை யூனிட் போட்டு, அத்தனை யூனிட்டையும் பத்து ரூபாயால் பெருக்கியிருக்கிறார்கள். கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், நிச்சயம் அப்படித்தான் இருக்கும். சமவெளியில் வருட சராசரியாக நாலு யூனிட்டை ஒட்டிப் பேசலாம். ஊட்டியில் நான் திட்டம் போடும்போது மூன்று முதல் மூன்றரை என்றுதான் எழுதுவேன். பள்ளத்தில் இருக்கும் கூரை என்றால் அதற்கும் கீழே. குளிர்ச்சியால் வரும் ஆதாயத்தையும் மெல்லிய காற்றால் வரும் ஆதாயத்தையும் மதிய மூட்டம் விழுங்கிவிடுகிறது. 3.3 என்று வைத்தால் 30 கிலோவாட்டுக்கு வருடம் 36,000 யூனிட். அவர்கள் சொல்வது 49,000. வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய ஓட்டை இரண்டாவது பெருக்கலில் இருக்கிறது. உங்கள் லாட்ஜ் பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே எவ்வளவு இழுக்கிறது? அறைகள் காலி, டூரிஸ்ட்டெல்லாம் பொட்டானிகல் கார்டனிலும் பைக்காராவிலும் இருப்பார்கள். ஓடுவது கிச்சன் ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார், ரிசப்ஷன் விளக்கு. உங்கள் அளவு லாட்ஜுகளில் நான் பார்த்தவரை ஆறு முதல் எட்டு கிலோவாட்தான். அந்த நேரத்தில் 30 கிலோவாட் பேனல் 20க்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கும். மிச்சம் இ.பி. லைனுக்குப் போகும். வீட்டு இணைப்புக்கும் வணிக இணைப்புக்கும் இங்கேதான் வித்தியாசம். வீட்டுக்காரருக்குப் போன யூனிட்டும் வந்த யூனிட்டும் யூனிட்டாகவே கழியும். உங்களுக்கு அப்படியில்லை. நீங்கள் வாங்கும் யூனிட்டுக்குக் கொடுக்கும் விலையில், வெளியே அனுப்பும் யூனிட்டுக்குப் பாதிகூட வராது. போதாததற்கு, வணிக இணைப்பில் சோலார் உற்பத்திக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைக்கு ஆணை இது மாறுவதால், கையெழுத்துப் போடும் வாரத்தில் உங்கள் இ.பி. உதவிப் பொறியாளரிடம் நேரிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சேங்ஷன் லோடுக்கு (இ.பி. உங்களுக்கு அனுமதித்திருக்கும் உச்ச லோடு) வரும் நிலைக்கட்டணத்தில் சோலார் ஒரு பைசாவைக்கூடக் குறைக்காது.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 36,000 யூனிட்டில் பாதியை நீங்கள் பயன்படுத்தினால் 1.8 லட்சம் மிச்சம். மறுபாதிக்கு மூன்று ரூபாய் கிடைப்பதாக வைத்தால் 54,000. மொத்தம் 2.34 லட்சம், 16.5 லட்சம் திரும்ப ஏழு வருடம், நெட்வொர்க் கட்டணத்தைக் கழிக்காமலேயே. அதே இடத்தில் 15 கிலோவாட் போட்டால் செலவு கிலோவாட்டுக்குச் சற்றுக் கூடும், 8.7 லட்சம் என்று வைப்போம். வருடம் 18,000 யூனிட், அதில் ஐந்தில் நாலு பங்கு உள்ளேயே செலவாகும். 1.44 லட்சமும் ஏற்றுமதியில் பத்தாயிரத்துச் சொச்சமும் சேர்த்தால் 1.55 லட்சம், ஐந்தரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். பாதிப் பணம் போட்டு, சீக்கிரமே எடுக்கிறீர்கள். கூரையில் இடமிருக்கிறது, சேங்ஷன் லோடு இருக்கிறது என்பதற்காகப் பேனலை நிரப்புவது விற்பவருக்குத்தான் லாபம்.

இன்னும் ஒரு படி உண்டு, லாட்ஜ்காரர்களிடம் நான் எப்போதும் மல்லுக்கட்டுவது இதற்குத்தான். உங்கள் பில்லில் பெரிய திருடன் கீசர். 28 அறையிலும் ஆளுக்கொரு கீசர், காலை ஐந்தரையிலிருந்து எட்டரைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். அந்த நேரத்தில் சூரியன் இன்னும் கம்பளிக்குள்தான் இருக்கும். சோலார் போட்டாலும் இந்த லோடில் பெரிதாக ஒன்றும் குறையாது. ஆனால் சுடுதண்ணீர் ஒரு பேட்டரி மாதிரி. பகலில் காய்ச்சி வைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும். 2,000 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோக 93 யூனிட் வெப்பம் வேண்டும். கீசரில் அப்படியே 93 யூனிட் கரண்ட். ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மெஷின்) என்றால், ஊட்டிக் குளிருக்கு அதன் திறன் இறங்கும் என்பதைக் கணக்கில் எடுத்தும், 31 முதல் 37 யூனிட்டில் முடியும். அதைக் காலை ஒன்பதரையிலிருந்து இரண்டு மணிக்குள் ஓட டைமர் வைத்து, நல்ல இன்சுலேஷன் உள்ள டேங்கில் சேர்த்து வையுங்கள். 15 கிலோவாட் சோலாரின் மிச்ச யூனிட் எல்லாம் அங்கேயே போய்ச் சேரும். வெளியே அனுப்ப ஒன்றும் இருக்காது. 30 கிலோவாட் பேனலுக்குப் பதில் 15 கிலோவாட்டும் ஒரு ஹீட் பம்ப்பும் என்பதுதான் என் ஆலோசனையின் முக்கால்வாசி. பழைய பைப் லைனை மாற்றும் செலவு கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். பிளம்பரைக் கூட்டிவந்து பார்க்காமல் அதில் நான் வாய் திறக்கமாட்டேன். கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாமே என்றால், போடலாம். ஆனால் செம்புத் தகடு வகையில் உறைபனி இரவன்று குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடித்ததை ஊட்டியில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய் வகையோ, உறையாத திரவம் ஓடும் வகையோதான் இங்கே சரி.

இனி, கீழிருந்து வரும் டிசைனர்கள் இங்கே தவறும் ஒரு இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் இன்வெர்ட்டரே போய்விடும். பேனல் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும். சில வருடம் முன்பு ஒரு டிசம்பர் காலை, ஊட்டிக்குக் கொஞ்சம் மேலே ஒரு ரிசார்ட்டிலிருந்து போன்: தினமும் ஏழரை மணிக்கு இன்வெர்ட்டர் சிவப்பு விளக்குப் போட்டு நின்றுவிடுகிறது, ஒன்பது மணிக்குத் தானே சரியாகிவிடுகிறது. போட்டவர்கள் மூன்று தடவை வந்து கார்டை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். நான் விடியும் முன்பே போய் மீட்டரோடு காத்திருந்தேன். பேனல்மேல் உறைபனி உப்புத் தூவினமாதிரி இருந்தது. 545 வாட் பேனல், ஒவ்வொன்றும் 49.9 வோல்ட், 22 பேனல் வரிசையாகக் கோத்து இரண்டு ஸ்ட்ரிங். 22ஐ 49.9ஆல் பெருக்கினால் 1,098. இன்வெர்ட்டரின் உச்சவரம்பு 1,100. கோவையில் உட்கார்ந்து போட்ட கணக்கு, இரண்டு வோல்ட் மிச்சம் வைத்து அழகாக முடித்திருந்தார்கள். ஆனால் அந்த 49.9 என்பது 25 டிகிரியில். டிகிரிக்கு 0.27 சதவீதம் ஏறும். பூஜ்ய டிகிரியில் கிட்டத்தட்ட 7 சதவீதம். முதல் வெயில் கீற்று பனிமேல் பட்டதும் மீட்டர் 1,150ஐத் தாண்டியது. இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஸ்ட்ரிங்குக்கு இரண்டு பேனல் கழற்றி 20 ஆக்கினேன், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதற்குள் அந்த மெஷின் அத்தனை காலையும் வரம்பு மீறியதைத் தன் நினைவில் பதிந்து வைத்திருந்தது. பின்னால் ஒரு நாள் அது போனபோது வாரண்டி கிடைக்கவில்லை. உங்கள் கொட்டேஷனில் ஸ்ட்ரிங் கணக்கு எந்த வெப்பநிலைக்குப் போடப்பட்டிருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பூஜ்யமோ அதற்குக் கீழேயோ சொல்லவில்லை என்றால், அவர்கள் ஊட்டிக்கு டிசைன் செய்யவில்லை.

உயரத்தோடு இன்னொரு வரியும் இருக்கிறது. இன்வெர்ட்டர் விவரத்தாளின் அடியில் எத்தனை மீட்டர் உயரம்வரை முழுத்திறனில் ஓடும் என்று போட்டிருக்கும். சிலது 2,000 மீட்டர், சிலது 3,000, சிலது 4,000. காற்று மெலிந்தால் மெஷின் சூடு ஆறுவதும் குறையும், உள்ளே மின்தடுப்பும் குறையும். குன்னூர் என்றால் கவலையில்லை, 2,000க்குக் கீழே. நீங்கள் இருப்பது 2,000க்கு மேலே. மூவாயிரத்துக்குத் தாங்குவதை வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் வராது. மேகங்களுக்கு இடையே திடீரென்று சூரியன் எட்டிப் பார்க்கும்போது, மேக விளிம்பிலிருந்து தெறிக்கும் வெளிச்சமும் சேர்ந்து, பேனல் சில நொடிகளுக்கு அச்சடித்த வாட்டையும் தாண்டிக் கொடுக்கும். ஃபியூஸையும் கேபிளையும் கஞ்சத்தனமாகப் போட்டால் அந்த நொடிகளில் பல்லிளிக்கும்.

கூரைக்கு வருவோம். தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று எல்லோரும் வாஸ்து மாதிரிச் சொல்வார்கள். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே இருக்கும். பத்துப் பதினைந்து டிகிரிச் சாய்வில் கிழக்குப் பார்த்து வைத்தால், வருடக் கணக்கில் தெற்கைவிடச் சில சதவீதம்தான் குறையும், அதுவும் நாள் முழுக்கத் தெளிவாக இருக்கும் ஊரில். மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும் ஊரில் கிழக்குச் சாய்வு அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். உங்கள் தகரக் கூரையின் ஒரு பக்கம் கிழக்குப் பார்த்திருந்தால், என் முதல் சாய்ஸ் அதுதான். மேற்குச் சாய்வைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து டிகிரிக்குக் குறைந்து படுக்க வைக்காதீர்கள். மலையில் பேனலின் கீழ் விளிம்பில் ஈரம் தேங்கி பாசி பிடிக்கும், பாசி ஒரு வரிசை செல்லை மறைத்தால் அதோடு சேர்ந்த பாதிப் பேனல் சோர்ந்துபோகும். சமவெளியில் தூசியைக் கழுவுவார்கள், இங்கே பாசியைத் தேய்க்க வேண்டும், மென்மையான பிரஷ்ஷால்.

தகரத்தில் ஸ்க்ரூ எங்கே இறங்குகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தகரத்தின் மேட்டில், அடியில் தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினைப் பிடித்து, ரப்பர் வாஷரோடு இறங்க வேண்டும். பள்ளத்தில் ஒரு ஸ்க்ரூ இறங்கினாலும் ஜூலையில் 14ஆம் நம்பர் அறையில் பக்கெட் வைக்க வேண்டியிருக்கும். பேனல், ரயில் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 15 கிலோ வரை வரும். எடை பெரிதல்ல, ஜூன், ஜூலைக் காற்று கீழிருந்து தூக்குவதுதான் பெரிது. வெள்ளைக்காரன் காலத்து மரச்சட்டத்தின்மேல் நிற்கும் கூரை என்றால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் சட்டத்தைக் குத்திப் பார்க்காமல் வேலை தொடங்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். மொட்டை மாடியில் உயரமாக ஸ்டாண்டு கட்டி அடியில் டைனிங் ஹால் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால், மலைப்பகுதிக்கான கட்டட உயரக் கட்டுப்பாட்டை முதலில் நகராட்சியில் விசாரியுங்கள்; சோலாரைச் சாக்காக வைத்து மாடி எழுப்புவதாகவே அவர்கள் பார்ப்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

கேள்வியின் கடைசியில் கிழக்கே ஒரு கற்பூர மரம் இருப்பதாகப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை. காலை வெயிலை நம்பும் ஊரில் கிழக்கே நிற்கும் மரம் பாதி லாபத்தைத் தின்னும். வெட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது, உங்கள் பட்டாவில் நிற்கும் மரமானாலும் அனுமதி வேண்டும். மரத்தை அங்கேயே விட்டுவிட்டு, அதன் நிழல் விழாத இடத்தில் பேனலை வைக்கக் கற்றுக்கொள்வதே மேல்.

மழைக்காலத்தில் இன்னொரு வியாதி வரும். இரவெல்லாம் மிஸ்ட், காலையில் இன்வெர்ட்டர் இன்சுலேஷன் கோளாறு, அதாவது எங்கோ கரண்ட் கசிகிறது என்று காட்டி எழ மறுக்கும். பத்து மணிக்கு ஈரம் காய்ந்ததும் ஓடும். உங்கள் பொன்னான காலை வெயில் இப்படியே போகும். கோத்தகிரியில் ஒரு கூரையில் இதைத் தேடி இரண்டு நாள் ஏறினேன். பேனல் பேனலாகக் கழற்றி அளந்து வந்தால், கடைசியில் ஒரு கனெக்டர், ஆண் பக்கம் ஒரு கம்பெனி, பெண் பக்கம் வேறு கம்பெனி, பார்க்க ஒன்றுபோலவே இருந்தது, கிளிக் என்றும் பொருந்தியது. ஆனால் முடிமுனையளவு இடைவெளி. அது தகரத்தின் பள்ளத்தில் தண்ணீரோடு கிடந்தது. கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. கேபிள் எதுவும் கூரையைத் தொடக்கூடாது, கனெக்டர் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கேபிளைத் தொங்கவிட்டால் குரங்கு ஊஞ்சலாடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வெளியில் தெரியும் ஒவ்வொரு அடி கேபிளும் இரும்புக் குழாய்க்குள்ளோ மூடிய டிரேக்குள்ளோ இருக்க வேண்டும். எர்த்திங்கில் பாறை நிலம் என்று கைவிரித்துவிடாமல், அளந்து காட்டச் சொல்லுங்கள். நம் இடி மின்னலுக்குப் பெயருக்குப் போட்ட எர்த் உதவாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இ.பி. கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஜூலையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது கூரையில் பேனல் இருக்கிறதே என்று நினைத்தால் பயனில்லை. 1932இலிருந்து பைக்காராத் தண்ணீர் கோவை மில்களுக்குக் கரண்ட் அனுப்பிக்கொண்டிருக்க, மலைமேல் நாம் மெழுகுவத்தி தேடுகிறோம் என்று எங்கள் அப்பா சொல்லிச் சிரிப்பார். ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரும் சேர்ந்து ஓடினால், லோடு குறைந்த நேரத்தில் சோலார் கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளி அதைக் கெடுக்கும். அதற்கென்று கன்ட்ரோலர் உண்டு. அந்தச் செலவு வேண்டாம் என்றால், ஜெனரேட்டர் எழுந்ததும் சோலாரைப் பிரித்துவிடும் தானியங்கி சுவிட்ச் (கான்டாக்டர்) ஒன்றாவது போடுங்கள். உங்கள் கொட்டேஷனில் ஜெனரேட்டர் என்ற சொல்லே இல்லை என்கிறீர்கள். அதைக் கேட்டதும் அந்தக் கம்பெனி மேல் எனக்கிருந்த மிச்ச மரியாதையும் போனது.

மானியம்: 78,000 ரூபாய் வரை தரும் பிரதமரின் திட்டம் வீடுகளுக்கு மட்டும். லாட்ஜுக்குக் கிடையாது, வாங்கித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள். உங்களுக்குக் கிடைப்பது வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதல் வருடம் அதில் பாதி. லாபம் காட்டி வரி கட்டுபவருக்கு இது நல்ல தொகை. எவ்வளவு என்பதை உங்கள் ஆடிட்டர்தான் சொல்ல முடியும். சோலார் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது, கொட்டேஷன் பழைய கணக்கில் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பேனல் மலையேறி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். நின்றபடி அடுக்கிக் கட்டி வரவேண்டும், இறக்கும்போது நீங்கள் இருங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்றே ஒன்று, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: உங்கள் கூரைமேல் வருடத்தில் எத்தனை மணி நேரம் மிஸ்ட் நிற்கும். செயற்கைக்கோள் கணக்கு பல கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு எண்ணைத்தான் தரும். இந்த வளைவில் மூட்டம், அடுத்த வளைவில் வெயில் என்பது அதற்குத் தெரியாது. லவ்டேலில் வந்த எண்ணை வைத்து ஃபர்ன்ஹில்லுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். நான் மூன்று, மூன்றரை என்று சொன்னது திட்டம் போட ஒரு அளவு. அதிலிருந்து அரை யூனிட் மேலேயோ கீழேயோ போகலாம், அதனால் மூன்றிலும் கட்டுப்படியாகும் திட்டத்தைத்தான் எடுங்கள். பக்கத்தில் ஏற்கெனவே சோலார் போட்ட பள்ளிக்கூடமோ வங்கியோ இருந்தால், அவர்கள் இன்வெர்ட்டர் ஆப்பில் ஜூலை மாதக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கம்பெனியின் மென்பொருளையும்விட அந்த ஒரு திரை நம்பகமானது.

அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஏழு நாள், காலை ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு மணிக்கு இ.பி. மீட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அதில் இரண்டு நாளாவது சனி, ஞாயிறாக இருக்கட்டும். கூடவே, காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் கற்பூர மரத்தின் நிழல் கூரையில் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு அதையும் எடுங்கள். கொட்டேஷனின் ஸ்ட்ரிங் வரைபடத்தோடு இரண்டையும் இங்கேயே போடுங்கள். 15ஆ, 18ஆ, எந்தப் பக்கக் கூரை என்று அப்போது சொல்கிறேன்.